மொழி வகுப்பில் யார் பேச வேண்டும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் கலப்பு முறைக் கற்பித்தல் பற்றி ஒரு கருத்துக் குறிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம், மீதியை வகுப்பறையில் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இயற்பியலுக்கும் வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் மொழிக்கும் அதே அளவுதான். ஐந்து அலகுகள் கொண்ட பாடத்திட்டத்தில் 40 விழுக்காடு என்றால் இரண்டு அலகுகள். அந்த இரண்டையும் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றிவிட்டால் விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டிவிடலாம். மொழிப் பாடத்துக்கு இதைவிடப் பெரிய தீங்கை யாரும் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

மொழியை விளக்கிச் சொல்லிப் புரியவைத்துவிட முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை நல்ல ஆசிரியர் ஒருவர் 40 நிமிடக் காணொளியில் விளக்கினால், கூர்ந்து பார்க்கும் மாணவருக்கு அதில் பெரும்பகுதி கைவந்துவிடும். ஆங்கிலத்தின் நிகழ்கால முற்றுவினையை அதே அளவு அழகாக விளக்கினாலும், அதைப் பேச்சில் பயன்படுத்த அந்த மாணவருக்கு வராது. அவர் பேச வேண்டும், தடுமாற வேண்டும், ஒருவர் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், பிறகு மறுபடியும் பேச வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழியில் பயின்ற ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டது நன்றாகவே புரிந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணச் செம்மை அந்த அளவுக்கு வரவில்லை. கேட்பது மட்டும் போதாது, மொழியை வெளியே கொண்டுவரும் கட்டாயமும் வேண்டும் என்பது அவருடைய முடிவு. இணையத்தில் மொழி கற்பிப்பது பற்றிப் பேசும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

நம் கல்லூரிகளில் நிலைமை எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப்படிப்புகளில் முதல் இரண்டு ஆண்டுகள் பகுதி 1இல் தமிழோ வேறொரு மொழியோ இருக்கும். பகுதி 2இல் ஆங்கிலம். மொழி வகுப்பென்றால் பல துறை மாணவர்களை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைப்பதும் நடக்கிறது. ஒரு வகுப்பில் 60 பேர், ஒரு பாடவேளை 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வருகைப்பதிவுக்கு ஐந்து நிமிடம் போனால் மிஞ்சுவது 45 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காமல் அத்தனை நேரத்தையும் மாணவர்களுக்கே கொடுத்தால்கூட ஆளுக்கு 45 விநாடி கிடைக்கும். ஆசிரியர் செய்யுளை வாசித்துப் பொருள் சொல்லி, வினாவுக்கு விடை எழுதிப் போட்டுவிட்டு வெளியேறும் வகுப்பில் அந்த 45 விநாடியும் இல்லை. மூன்றாண்டு படித்து முடித்த பிறகும் நேர்காணலில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச வராமல் நிற்கும் பிள்ளைகளை நாம் குறை சொல்கிறோம். அவர்களுக்குப் பேச நேரம் கொடுத்தோமா என்று நம்மை நாம் கேட்டுக்கொள்வதில்லை.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது இந்த வகுப்பு அப்படியே கைபேசித் திரைக்குள் போனது. மைக் அணைக்கப்பட்டது, கேமராவும் அணைக்கப்பட்டது. “ஆடிபிளா இருக்கா?” என்று ஆசிரியர் கேட்க, ஓரிருவர் “எஸ் மேம்” என்று தட்டச்சு செய்வார்கள். மணிக்கணக்கில் நடந்த ஆங்கில வகுப்புகளில் பலருடைய வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. அந்த மௌனத்துக்கு மாணவர்களின் அலட்சியமே காரணம் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள வீட்டில், தொலைக்காட்சி ஓட, பாட்டி படுத்திருக்க, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க, ஒரு பெண் உரக்க ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பது எத்தனை பெரிய எதிர்பார்ப்பு! கணக்குப் பாடத்தை அந்த வீட்டில் வாய் திறக்காமல் படித்துவிடலாம். மொழிப் பாடத்துக்குக் குரல் வேண்டும். குரலுக்கு ஓர் இடம் வேண்டும். அதனால்தான் மொழிக்கு வகுப்பறை மற்றப் பாடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கருவிகளின் கதை தனி. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017-18) காட்டியபடி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு மட்டுமே. இணைய வசதி இருந்தவை ஏறத்தாழ 15 விழுக்காடு. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை இலவசமாக வழங்கியது நல்ல செயல். அதன் பின் கைபேசியும் தரவும் பரவலாகியிருக்கின்றன. ஆனாலும் அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் கைபேசி இரவு ஒன்பது மணிக்குத்தான் மகளின் கைக்கு வரும் வீடுகள் இன்றும் உண்டு. நேரலை வகுப்பை நம்பிப் போடும் எந்தத் திட்டமும் அந்த மகளை விட்டுவிடும்.

இந்த அனுபவத்தை வைத்து ‘இணையத்தில் மொழி கற்பிக்க முடியாது’ என்ற முடிவுக்கு வருவதும் தவறு. அந்த மாதங்களில் நாம் செய்தது நெருக்கடிக்கால ஏற்பாடு. சார்லஸ் ஹாட்ஜஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதே 2020 மார்ச்சில் எழுதிய கட்டுரையில், ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை முறையாக இணையவழிக்குத் திட்டமிட வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்று குறிப்பிட்டார்கள். நமக்கு ஒரு வார அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. குறை சொல்ல வேண்டியது அதன் பிறகு நடந்ததை. வகுப்பறைகள் மீண்டும் திறந்த பின் ஆறு மாதம் இல்லை, ஆண்டுகளே கழிந்துவிட்டன. மொழிப் பாடத்துக்கென்று தனியாக யார் உட்கார்ந்து திட்டமிட்டார்கள்?

வெளியே பார்த்தால் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டது. மொழிகளைக் கற்பிக்க அது 1990களில்தான் முன்வந்தது. தொலைவிலிருந்து மொழி கற்பிப்பது கடினம் என்பதை உணர்ந்த தயக்கம் அது. தொடங்கியபோது அச்சுப் பாடத்தோடும் ஒலிநாடாவோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர் தம் பேச்சைப் பதிந்து அனுப்ப, அதைக் கேட்டுத் திருத்தம் சொல்லப் பயிற்றுநர்கள் இருந்தார்கள். இணையம் பரவலாகுமுன்னரே அங்கே தொலைவழி மொழிக் கல்வி ஓரளவு நிலைபெற்றதற்கு அந்தப் பதில் சொல்லும் மனிதர்களே காரணம்.

இன்னொன்று, அமெரிக்காவின் எம்ஐடியில் 1997இல் தொடங்கிய ‘கல்துரா’ திட்டம். ஜில்பெர்த் ஃபர்ஸ்டன்பெர்க் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அமைத்தது. அமெரிக்க மாணவர்களும் பிரான்ஸ் நாட்டு மாணவர்களும் ஒரே வினாத்தாளுக்குத் தத்தம் தாய்மொழியில் விடை எழுதுவார்கள். ‘நல்ல அண்டை வீட்டார் என்பவர்...’ என்பது போன்ற தொடர்களை முடித்து எழுதச் சொல்வார்கள். பிறகு இரு நாட்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் விவாதிப்பார்கள். பாடநூல் தயாரித்த பிரெஞ்சு இல்லை, சம வயதுப் பிள்ளை எழுதிய உயிருள்ள பிரெஞ்சு படிக்கக் கிடைத்தது. வகுப்பறையால் தர முடியாத ஒன்றை இணையம் தந்த இடம் இது. தமிழுக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயில்வோர் இருக்கிறார்கள். தமிழ் கற்க வரும் அமெரிக்க மாணவர்களுக்கு மதுரையில் ஆண்டுதோறும் பயிற்சி நடக்கிறது. பகுதி 1 தமிழ் படிக்கும் திருநெல்வேலி மாணவருக்கு யாழ்ப்பாணத்து மாணவரோடு ஒரு பருவம் எழுதிப் பழகும் வாய்ப்பை ஒரு கல்லூரி ஏற்படுத்திக் கொடுத்தால், தன் தமிழ் மட்டுமே தமிழ் என்ற எண்ணம் அவருக்கு எவ்வளவு சீக்கிரம் மறையும்! இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு ஆசிரியர்களின் மனம் போதும், அவர்களுக்கு நிர்வாகத்தின் அனுமதி போதும்.

நம்மிடமே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. அதை நாமே மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில், பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் இன்னும் சில இடங்களிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில், என்.எஸ். பிரபு ஒரு சோதனையை நடத்தினார். உலகம் அதைப் பெங்களூர் திட்டம் என்று அறியும். அப்போது அவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். இலக்கணப் பாடம் நடத்தாமல், மாணவர் முன் ஒரு வேலையை வைத்தார்: இரயில் கால அட்டவணை, நிலப்படம், ஒரு சிறு புதிர். அதைத் தீர்க்க ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும், கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே கருவிகள். 1987இல் அவர் எழுதி ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நூல் வழியாக இந்த அணுகுமுறை உலகெங்கும் போனது. பணிவழி மொழிக் கற்பித்தல் பற்றி இன்று எந்த நாட்டில் யார் எழுதினாலும் பிரபுவைத் தொடாமல் எழுத முடியாது.

இந்தச் சிந்தனை கலப்பு முறைக்கு அப்படியே பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு. திண்டிவனத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வேலூரில் காலை 10 மணிக்கு நேர்காணல். கையில் இருப்பது 300 ரூபாய். இரண்டு பேருந்து அட்டவணைகளும் ஓர் இரயில் அட்டவணையும் தரப்படுகின்றன. மாணவர் வீட்டில், தமக்கு வசதியான நேரத்தில், அட்டவணைகளைப் படித்து ஒரு திட்டம் போட்டு, அதை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பிலோ கூகுள் கிளாஸ்ரூமிலோ அனுப்புகிறார். மறுநாள் வகுப்பில் நால்வர் சேர்ந்து உட்கார்ந்து, யாருடைய திட்டம் சிறந்தது என்று வாதாடி ஒரே முடிவுக்கு வர வேண்டும். வீட்டு வேலைக்கு நேரலை இணைப்பு தேவையில்லை, அதிகத் தரவு தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கைபேசி கிடைக்கும் பெண்ணும் செய்துவிடலாம். மொட்டைமாடியிலோ கல்லூரி மரத்தடியிலோ நின்று பதியலாம்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. குரல்பதிவை அனுப்புமுன் பெரும்பாலோர் தாங்கள் பேசியதைக் கேட்டுப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசுவார்கள். ஒரே பணியைத் திரும்பச் செய்யும்போது பேச்சு மேம்படுகிறது என்பதை மார்ட்டின் பைகேட் போன்றோர் 1990களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் அத்தனை பேர் முன் எழுந்து நின்று பேசக் கூசும் பிள்ளைக்கு, தனியாக நான்கு முறை பேசிப் பார்த்து ஐந்தாவதை அனுப்பும் சுதந்திரம் பெரிய வரம். இணையம் மொழி வகுப்புக்குத் தந்திருக்கும் கொடைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

ஆனால் அந்தக் குரலை யார் கேட்பது?

விவாதம் முழுவதும் வந்து நிற்க வேண்டிய இடம் இது. 60 பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் அனுப்பினால் கேட்க மட்டுமே இரண்டு மணி நேரம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் பதில் சொன்னால் நான்கைந்து மணி நேரம். ஓர் ஆசிரியருக்கு இப்படி மூன்று வகுப்புகள் இருந்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வரை அதற்கே போய்விடும். உதவிப் பேராசிரியருக்கு மானியக் குழு வகுத்த நேரடிக் கற்பித்தல் அளவே வாரத்துக்கு 16 மணி நேரம்தான். பணிநேரக் கணக்கில் வகுப்பறையில் நின்ற நேரத்துக்கு இடம் உண்டு, மாணவரின் குரலைக் கேட்ட நேரத்துக்கு இடம் இல்லை. இந்த நிலையில் நல்ல ஆசிரியர் ஒரு பருவம் தன் உறக்கத்தைத் தியாகம் செய்து கேட்பார். அடுத்த பருவத்தில் அவரும் காணொளி இணைப்பை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார். அரசுக் கல்லூரிகளில் குறைந்த தொகுப்பூதியத்துக்கு, அதுவும் ஆண்டு முழுவதும் இல்லாமல், வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இந்தக் கூடுதல் உழைப்பை இலவசமாகக் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

தீர்வு கணக்கிலேயே இருக்கிறது. எல்லாரும் வாராவாரம் பேசி அனுப்பலாம். ஆனால் வாரத்துக்கு 15 பேருடைய பதிவை மட்டும் ஆசிரியர் கேட்டுப் பதில் சொல்லட்டும். 75 நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்கள் ஒருவர் பதிவை ஒருவர் கேட்டுக் கருத்துச் சொல்லட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியரின் தனிக்கவனம் கிடைக்கும். இன்றைய வகுப்பில் முழுப் பருவத்திலும் ஒருமுறைகூடக் கிடைக்காதது அது. இணையவழிக்குப் போன பாடவேளைகளை இந்த வேலைக்கு ஈடாக எழுதிக்கொடுத்தால் யாருக்கும் கூடுதல் சுமை இல்லை. 40 விழுக்காட்டை எத்தனை மணி நேரக் காணொளி என்று அளக்காமல், எத்தனை மணி நேரம் மாணவருக்குப் பதில் சொல்லப்பட்டது என்று அளக்க வேண்டும். நான் கேட்பது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

இயந்திரமே கேட்டு மதிப்பெண் போட்டுவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உச்சரிப்பை மதிப்பிடும் செயலிகள் பயிற்சிக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் பேச்சறியும் மென்பொருள்கள் எல்லாருடைய பேச்சையும் ஒரே மாதிரி புரிந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை 2020இல் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் சராசரியாக 19 விழுக்காடு சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டவை, கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடு தவறின. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. கம்பத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வரும் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு மென்பொருள் மதிப்பெண் போட்டு, அது மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதை என்னால் ஏற்க முடியாது.

கருவியை நம்பி ஏமாந்த வரலாறும் நம் முன் இருக்கிறது. 1958இல் அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பணத்தில் நாடெங்கும் மொழி ஆய்வகங்களைக் கட்டியது. ஒலிநாடா, காதொலிப்பான், தடுப்புச் சுவர் வைத்த இருக்கைகள். பென்சில்வேனியாவில் 1960களின் பிற்பகுதியில் பெரிய அளவில் நடத்திய ஆய்வில், ஆய்வகம் பயன்படுத்திய வகுப்புகள் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியதாகத் தெரியவில்லை. நாடாவோடு சேர்ந்து கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தவர்களுக்கு எதிரில் பேச ஆள் இல்லை. 1970களில் அந்த ஆய்வகங்கள் பல பூட்டிக் கிடந்தன. நம் பொறியியல் கல்லூரிகளிலும் ஆய்வுக் குழு வரும்போது மட்டும் திறக்கும் மொழி ஆய்வகங்கள் இல்லை என்று சொல்ல முடியாது.

பகுதி 1 தமிழுக்கு வருவோம். ‘தமிழ் மாணவருக்குத் தமிழ் பேசத் தெரியும், பிறகென்ன’ என்று எண்ணி இந்த விவாதத்தில் தமிழ்த் துறையைச் சேர்ப்பதே இல்லை. எழுத்துத் தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தான் வர வேண்டிய ஒன்று. இணைய வகுப்புகளில் அவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்ததைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் மனம் வெதும்பினார்கள். வெதும்பியதோடு நின்றுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999இல் தரப்படுத்தப்பட்டது. அடுத்து 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் எண்ணற்ற நூல்களை இலவசமாகத் தருகிறது. இவ்வளவு இருந்தும், தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமலேயே ஒருவர் பகுதி 1 தமிழில் முதல் வகுப்பில் தேறிவிடலாம். தட்டச்சு செய்த இரண்டு பக்கக் கட்டுரையை ஒவ்வொரு மாணவரும் பொது ஆவணம் ஒன்றில் எழுத, ஆசிரியர் ஓரத்தில் குறிப்பிட, மாணவர் திருத்த, மறுபடி ஆசிரியர் பார்க்க, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு கட்டுரை இப்படி உருவானால் போதும். ஒற்று மிகும் இடம் பற்றிப் பத்து வகுப்பு எடுப்பதைவிட அது மேல்.

எழுத்துப் பயிற்சியை வீட்டுக்கு அனுப்புவதில் 2022 நவம்பருக்குப் பின் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. சாட்ஜிபிடி வந்துவிட்டது. வீட்டில் எழுதிவரச் சொல்லும் ஒப்படைப்பு யாருடைய எழுத்து என்று சொல்ல முடியாது. அதைப் பிடிக்க மென்பொருள் வாங்குவது பயனற்ற வேலை. முதல் வரைவு வகுப்பறையில், ஆசிரியர் முன்னிலையில், கையால் எழுதப்படட்டும். படிப்பதும் கேட்பதும் குறிப்பெடுப்பதும் வீட்டில் நடக்கட்டும். நம் பழக்கம் நேர்மாறாக இருக்கிறது: வகுப்பில் ஆசிரியர் வாசித்து விளக்குகிறார், எழுதும் வேலை வீட்டுக்குப் போகிறது.

இவ்வளவும் செய்தாலும் தேர்வு மாறாவிட்டால் எதுவும் மாறாது. பருவத் தேர்வில் 75 மதிப்பெண் எழுத்துத் தாளுக்கு, 25 அகமதிப்பீட்டுக்கு என்பது பல பல்கலைக்கழகங்களின் நடைமுறை. செய்யுளின் மையக்கருத்தை எழுதுக, கதையின் பாத்திரப் படைப்பை விளக்குக என்று கேட்கும் தாளுக்குப் பேசிப் பழகி யாராவது தயாராவார்களா? தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலத் திறன் பயிற்சி தனியாகக் கல்லூரிக்குள் வருவதே, பகுதி 2 அந்த வேலையைச் செய்யவில்லை என்று அரசே ஒப்புக்கொள்வது போல் எனக்குப் படுகிறது. மொழித் துறைகள் தங்கள் வேலையைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

துணைவேந்தர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மொழித்தாளின் 25 அகமதிப்பெண்களில் 10 மதிப்பெண்ணையாவது மாணவரின் பேச்சுக்கு ஒதுக்குங்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஆசிரியருக்கு, அவர் நிரந்தரப் பணியில் இருந்தாலும் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும், வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைப் பணிநேரமாக எழுதிக்கொடுங்கள். இந்த இரண்டையும் செய்ய முடியாத கல்லூரி, 40 விழுக்காட்டு அனுமதியை மொழிப் பாடத்தில் பயன்படுத்தாமல் இருப்பதே மாணவர்களுக்கு நல்லது.